காது கிழிந்தவளின் குட்டி

ஷிஜி மதியச் சாப்பாட்டுக்கு யாரோடும் உட்காரமாட்டாள். பன்னிரண்டே முக்கால் ஆனதும் கம்ப்யூட்டரைப் பூட்டிவிட்டு, துப்பட்டாவை இழுத்துப் போர்த்திக்கொண்டு, லிஃப்டுக்குக்கூடக் காத்திராமல் ஆறு மாடியும் படியிறங்கிப் போய்விடுவாள். ஒன்றரைக்கு வியர்த்து வழியத் திரும்பி வருவாள். கழக்கூட்டத்தில் அந்த அலுவலகத்து அறையில் பன்னிரண்டு பேர் வேலை பார்த்தார்கள். பன்னிரண்டு பேரில் ஒருத்தி மட்டும் கூட உட்காரவில்லையென்றால் மற்ற பதினொரு பேருக்கும் சோறு இறங்குமா? தலைக்கனம் என்றார்கள். வீட்டில் மீன்குழம்பு வைத்துவிட்டுப் பங்கு கொடுக்க மனசில்லாமல் ஓடுகிறாள் என்றார்கள். பாறசாலைப் பக்கத்து ஆட்களே அப்படித்தான் என்று, பாறசாலையை ரயில் ஜன்னலில்கூடப் பார்த்திராத ஒருவர் தீர்ப்புச் சொன்னார்.

அவள் போனது சாப்பிடுவதற்கே இல்லை. நெடுஞ்சாலையைத் தாண்டி, ஒரு சந்துக்குள், பெரிய வீடொன்றின் பின்புறத்தில் அவளுக்கு வாடகை அறை இருந்தது. அங்கே அவள் கணவனின் அக்கா தாசம்மாள், ஷிஜியின் கைக்குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே வாசலைப் பார்த்து நிற்பாள். ஷிஜி உள்ளே நுழைந்த கையோடு முகம் கழுவி, பிள்ளையை வாங்கிப் பால் கொடுப்பாள். பிள்ளை குடித்து முடிக்கும்போது நேரமும் முடிந்திருக்கும். திரும்பி ஓடுகிற வழியில் இரண்டு பழத்தைத் தின்றால் அதுதான் அவளுடைய சாப்பாடு.

இதை ஏன் அலுவலகத்தில் சொல்லவில்லை என்று கேட்கலாம். அவள் கணவன் பிரவின்ராஜ் லாரி ஓட்டினவன். பிள்ளை வயிற்றில் இருக்கும்போதே லோடு சரிந்து இடுப்பு ஒடிந்தது. ஊரில் அவன் படுக்கையில் கிடக்க, அண்ணன் வீட்டார் பார்த்துக்கொண்டார்கள். வருமானம் என்று ஒன்று ஷிஜி கொண்டுவந்தால்தான் உண்டு. ஒன்றரை மாதப் பிள்ளையோடு அவள் நேர்முகத்துக்கு வந்தபோது, ஆள் எடுக்கும் ஏஜென்சிக்காரன் படிவத்தைப் பார்த்தபடியே கேட்டான்: “கொச்சுக் குழந்தைங்க உண்டா? உண்டுன்னா வேண்டா. போன தடவை எடுத்த ரெண்டு பேரும் லீவு, லீவு, லீவு.”

“இல்ல சார்” என்றாள் ஷிஜி. அவன் அந்தக் கட்டத்தில் ‘இல்லை’ என்று எழுதி அவளிடம் கையெழுத்து வாங்கினான்.

அந்த நேரத்தில் தாசம்மாள் எதிர்ப்பக்கத்து பஸ் ஸ்டாப்பில் பிள்ளையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தாள். வேலை கிடைத்துவிட்டது என்று சொல்லிக்கொண்டு சாலையைக் கடந்து வந்த ஷிஜி, பிள்ளையை வாங்கியதும் அழுதாள். சந்தோஷத்தில் அழுகிறாள் என்று தாசம்மாள் நினைத்துக்கொண்டாள். ஷிஜியும் அப்படியே நினைக்கவிட்டாள். பெற்ற பிள்ளையை இல்லையென்று சொல்லிவிட்ட வாய் இது என்ற நினைப்பு அவளை விட்டுப் போகவேயில்லை. ஞாயிற்றுக்கிழமை கோயிலில் முழங்காலில் நின்றாலும் அதுதான் வந்து முன்னால் நிற்கும்.

வேலை வினோதமான வேலை. ஆப்பிரிக்காவில் ஏதோ ஒரு காட்டில் மரங்களில் கேமராக்களைக் கட்டிவைத்திருந்தார்கள். எதிரில் எது அசைந்தாலும் கேமரா தானே படம் எடுத்துக்கொள்ளும். படத்தின் ஓரத்தில் தேதியும் மணியும் விழும். அப்படி ஒரு வருஷமாகச் சேர்ந்த லட்சக்கணக்கான படங்கள் ஆராய்ச்சிக்காரர்களிடமிருந்து கழக்கூட்டத்துக்கு வந்தன. ஒவ்வொரு படத்துக்கும் சில கேள்விகள்: என்ன மிருகம், எத்தனை, ஆணா பெண்ணா, கடைசியாக, கூடக் குட்டி உண்டா இல்லையா. ஒரே படத்தை இரண்டு பேர் தனித்தனியாகப் பார்ப்பார்கள். ஒருவர் போட்ட பதில் மற்றவருக்குத் தெரியாது. இரண்டும் ஒத்துப்போனால் படம் நகரும். ஒத்துப்போகாவிட்டால் டீம் லீடர் சுமந்தின் மேஜைக்குப் போகும். அங்கே படங்கள் குவிந்தால் யாரோ ஒருவர் சரியில்லை என்று அர்த்தம்.

ஷிஜிக்கு ஜோடியாக வாய்த்தவர் வெங்கடசுப்ரமணியன். வயது அறுபத்தொன்று. ஸ்ரீவராகத்து அக்கிரகாரத்துக்காரர். சர்வே துறையில் சங்கிலி பிடித்து, வரைபடம் போட்டு, ஓய்வு பெற்றவர். வீட்டில் சும்மா உட்கார முடியாமல், இரண்டு பஸ் மாறிக் கழக்கூட்டத்துக்கு வந்து, பிள்ளை வயதுள்ளவர்களோடு மிருகம் எண்ணிக்கொண்டிருந்தார். காலையில் வருகிற வழியில் பழவங்காடிப் பிள்ளையாரை பஸ்ஸிலிருந்தே கும்பிடுவார், இறங்கமாட்டார். கண்ணால் கண்டதை மட்டும் எழுதவேண்டும் என்பது அவர் முப்பத்தைந்து வருஷத்துக் கொள்கை. கல் இருந்தால் கல், வேலி இருந்தால் வேலி; வேலி இருந்திருக்கும்போல என்று யாராவது சொன்னால் அவருக்கு ரத்தம் கொதிக்கும்.

அவர்களுக்கு ஒதுக்கப்பட்டது ஓர் ஓடைக்கரைக் கேமரா. ஒருபக்கம் தண்ணீர், மறுபக்கம் உள்ளே கை நுழைக்க முடியாத புதர். அதில் அடிக்கடி வந்தது ஒரு பெண் மான். செம்பழுப்பு உடம்பு, பின்தொடையில் வெள்ளைப் புள்ளி, கழுத்தில் வெள்ளைப் பட்டை. முதல் நாள் அறை முழுவதும் “புள்ளிமான்!” என்று கூவிற்று. மிருகசாலையில் பார்த்த மான்தானே எல்லோருக்கும் மான். புள்ளிமான் என்றால் கூட்டம் இருக்கவேண்டுமே என்று வெங்கடசுப்ரமணியன் ஒரு வாரம் கூட்டத்தைத் தேடினார். கூட்டமே கிடையாது. இது புஷ்பக் என்ற வேறு ஜாதி என்றும், புதரை விட்டு அதிகம் வெளியே வராது, தனியாகவே வாழும், தனியாகவே மேயும் என்றும் சுமந்த் பெரிய எழுத்தில் அச்சடித்து ஒட்டினான். அவர்களுடைய மானுக்கு இடது காது பாதி கிழிந்திருந்தது. அதனால் ஆயிரம் படத்திலும் அவளை அடையாளம் தெரிந்தது.

படங்கள் தேதி வரிசையில் வந்தன. அந்த ஒரு வருஷத்தை இவர்கள் நாலைந்து மாதத்தில் பார்த்து முடிக்கவேண்டும். ஆகவே ஷிஜி காது கிழிந்தவளின் வாழ்க்கையை வேகவேகமாகப் பார்த்தாள். மேலே குரங்குகள் பழத்தைக் கடித்துக் கடித்துப் போட, கீழே இவள் பொறுக்கித் தின்றாள். பிறகு கொம்பு முறுக்கிய ஆண் ஒன்று, கறுத்துப்போனது, நாலு நாள் இவள் வாலைப் பிடித்துக்கொண்டே திரிந்தது. ஐந்தாம் நாள் அதைக் காணோம். பிள்ளைத்தகப்பன் அதோடு சரி. அடுத்த வாரங்களில் வயிறு மெல்லமெல்லக் கீழே இறங்கிற்று. ஆறு மாதக் கர்ப்பம் இந்த ஜாதிக்கு. ஒரு நாள் மாலை நாலு மணிக்கு அவள் புதருக்குள் போனாள். ஐந்து நாள் படமே இல்லை. ஆறாம் நாள் காலை வயிறு ஒட்டி, பக்கவாட்டில் எலும்பு தெரிய, தனியாக வெளியே வந்து தண்ணீர் குடித்தாள்.

குட்டியைக் காணோம்.

குட்டி: உண்டு, இல்லை. திரையில் இரண்டு கட்டங்கள். வெங்கடசுப்ரமணியன் ‘இல்லை’ போட்டார். ஷிஜி மவுஸின் மேல் கையை வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். அவளால் அந்தக் கட்டத்தைத் தொட முடியவில்லை. ஒரு தடவை தொட்டாயிற்று, போதும் என்றிருந்தது. படத்தைப் பெரிதாக்கினாள். மான் தண்ணீரில் வாயை வைத்திருந்தது. ஆனால் ஒரு கண்ணும் நல்ல காதும் புதரின் பக்கம் திரும்பியிருந்தன. ‘உண்டு’ போட்டாள்.

அன்று முதல் அவள் படங்களின் ஓரத்தில் மணி பார்க்கத் தொடங்கினாள். காலை பதினொன்று ஐந்துக்கு மான் புதருக்குள் போகும்போது பின்னங்கால்களுக்கு நடுவே மடி விம்மியிருந்தது. பதினொன்று முப்பத்தொன்றுக்கு வெளியே வரும்போது தொய்ந்திருந்தது, முடி நனைந்து ஒட்டியிருந்தது. மத்தியானம் முழுக்க அவள் புதரிலிருந்து தள்ளி நின்று மேய்ந்தாள். குட்டி அங்கே இருப்பது ஊருக்குத் தெரியக்கூடாது என்பதற்காகவே தள்ளி நிற்கிறாள் என்று ஷிஜிக்குப் புரிந்தது. அவளுக்கு மட்டுமே அது புரிந்திருக்க முடியும். நாற்பத்தொரு படத்துக்கு அவள் ‘உண்டு’ போட்டாள். நாற்பத்தொன்றுக்கும் வெங்கடசுப்ரமணியன் ‘இல்லை’ போட்டார்.

சுமந்த் இருவரையும் கண்ணாடி அறைக்குக் கூப்பிட்டான். கெட்ட பையன் இல்லை அவன். மேலே பதில் சொல்லவேண்டியவன். ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கிற பட்டியலும் அந்த வாரம்தான் அவன் கையில் இருந்தது.

“ஷிஜி, ரூல் என்னா? கண்ணுக்குத் தெரியறது மட்டும். இமாஜினேஷன் வேண்டா, கேட்டோ. நாற்பத்தொண்ணுல ஒண்ணுலயாவது குட்டி எங்கன்னு தொட்டுக் காட்டுங்க.”

“தெரியாது சாரே. அது புல்லுக்குள்ள கெடக்கு. தலையக்கூட தூக்காது.”

“பாக்காம எப்படிப் போட்டேள்?” என்றார் வெங்கடசுப்ரமணியன். கோபமில்லை, மெய்யாகவே விளங்காமல் கேட்டார். “நானும் அதே படத்தைத்தானே பாக்கறேன். நேக்கு ஒரு மானுக்கு மேல தெரியலையே.”

ஷிஜி இரண்டு படங்களைத் திரையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். “இந்தா பாருங்க, போகும்போ மடி நெறஞ்சிருக்கு. வரும்போ இல்ல. இருவத்தாறு நிமிசம். அவ பால் குடுத்திட்டு வாறா.”

இருவரும் குனிந்து பார்த்தார்கள். இரண்டு படத்திலும் ஒரே மான்தான் அவர்களுக்குத் தெரிந்தது.

“எனக்கு வித்தியாசம் ஒண்ணும் தெரியல” என்றான் சுமந்த். “உங்களுக்கு மட்டும் எப்படித் தெரியுது?”

சுவர்க் கடிகாரத்தில் மணி ஒன்று பத்து. அவள் அறைக்குக் கிளம்பியிருக்கவேண்டிய நேரம் தாண்டி இருபத்தைந்து நிமிடம் ஆகிவிட்டது. அந்தப் படத்தைப் பார்த்துக்கொண்டே நின்றதாலோ, தூரத்தில் பிள்ளை அழுவதை உடம்பு அறிந்துகொண்டதாலோ, அவளுக்குப் பால் கட்டி வலித்து, பிறகு தானாகவே சுரந்தது. துப்பட்டாவைச் சேர்த்துப் பிடித்தாள். துணி நனைந்து கைக்கே ஈரம் தட்டியது. பேசாமல் ‘தப்பாப் போச்சு சாரே’ என்று ஒரு வார்த்தை சொன்னால் வேலை நிற்கும். அது அவளுக்கு நன்றாகத் தெரியும். நாற்பத்தொன்றையும் ‘இல்லை’ என்று மாற்றிவிட்டு அறைக்கு ஓடலாம்.

“எனக்கு அஞ்சு மாசத்துல பிள்ளை இருக்கு சாரே” என்றாள். “பொம்பளப்பிள்ளை. தெனமும் மத்தியானம் பால் குடுக்கத்தான் ஓடுறேன். எனக்கும் போகும்போ இப்படித்தான் இருக்கும், வரும்போ அப்படித்தான் இருக்கும். அதுனால தெரியும்.”

வெங்கடசுப்ரமணியன் தரையைப் பார்த்தார். சுமந்த் கடிகாரத்தைப் பார்த்தான். “இப்போ வீட்டுக்குப் போங்க, ஷிஜி” என்றான். மெதுவாகத்தான் சொன்னான்.

மறுநாள் ஏஜென்சியிலிருந்து தகவல் வந்தது. படிவத்தில் பொய்யாகக் கையெழுத்துப் போட்டிருக்கிறாள். மாதக் கடைசியோடு சரி. ஒன்பது நாள் மிச்சமிருந்தது. சுமந்த் மன்னிப்புக் கேட்கிற குரலில் சொன்னான். வெங்கடசுப்ரமணியன் தன் கொள்கைப்படி ‘இல்லை’ போட்டுக்கொண்டே இருந்தார். ஆனால் ஒவ்வொரு தடவையும் மவுஸைத் தட்டுமுன் சற்று நேரம் உட்கார்ந்திருப்பதை ஷிஜி பார்த்தாள்.

கடைசிக்கு முந்தின நாள் சிறுத்தை வந்தது. பகல் மூன்றரை மணி, நல்ல வெயில். நாலே நாலு படங்களில் அது ஓடையைத் தாண்டி, முகர்ந்து, நேராகப் புதருக்குள் போயிற்று. வெளியே வந்த படம் இல்லை. ஷிஜி நாலையும் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். இது போன வருஷம் நடந்து முடிந்த காரியம், இப்போது பதறி ஒன்றும் ஆகப்போவதில்லை என்று அறிவு சொன்னது. அவள் மறுபடி முதல் படத்துக்குப் போனாள்.

மறுநாள், அவளுடைய கடைசி நாள், மதியம் வரை காது கிழிந்தவள் வரவே இல்லை. பிறகு ஒரு படம், சிறுத்தை வந்ததற்கு அடுத்த நாள் எடுத்தது. ஓடைக்கு அந்தப் பக்கம், புதருக்கு வெகுதூரத்தில் நின்றாள். மடி வெடித்துவிடும் போலிருந்தது. அடுத்த படம், ஒரு மணி நேரம் கழித்து: அதே இடம், அதே மடி. அடுத்தது மாலை ஐந்துக்கு. ஒரு முழு நாள் யாருக்கும் பால் கொடுக்காத மடி அது. குடிக்க ஆள் இல்லாமல் போனால் இப்படித்தான் இருக்கும். சிறுத்தை இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது, வழி காட்டிக் கொடுத்துவிடக்கூடாது என்று பல்லைக் கடித்து விலகி நின்றாலும் இப்படித்தான் இருக்கும். படத்தைப் பார்த்து இரண்டில் எது என்று சொல்ல ஷிஜியாலும் முடியவில்லை.

திரை கேட்டது: குட்டி உண்டா, இல்லையா. ஷிஜி ‘உண்டு’ என்று போட்டாள். அடையாள அட்டையைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, அன்று முதல் தடவையாக லிஃப்டில் இறங்கினாள். இனி ஓட என்ன இருக்கிறது.

அடுத்த பத்து நாள் அவள் வேலை தேடினாள். போன இடத்திலெல்லாம் முதல் வார்த்தையாகப் பிள்ளை உண்டு என்று சொன்னாள். மூன்று இடத்தில் அந்த வார்த்தையோடு பேச்சு முடிந்தது. நாலாவதாக, நெடுஞ்சாலை ஓரத்துச் சூப்பர் மார்க்கெட்டில் பில் போட எடுத்துக்கொண்டார்கள். சம்பளம் குறைவு, நாளெல்லாம் நிற்கவேண்டும். ஆனால் மதியம் போய்வரலாம். இத்தனைக்கும் நடுவில் பிள்ளைக்குப் பால் கொடுக்க உட்காரும்போதெல்லாம் ஓடைக்கு அந்தப் பக்கம் நின்றவள் ஞாபகம் வந்துவிடும்.

“அது ஒரு மானாக்கும் பிள்ளே. நீ எதுக்கு உருகுத?” என்பாள் தாசம்மாள்.

“தெரியல மைனி. கடைசியா நான் போட்டது உண்மையா பொய்யான்னு தெரிஞ்சா போதும்.”

அலுவலகத்தை விட்டு வந்த ஏழாவது வாரம், ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகல், சந்துக்குள் குடையை ஊன்றிக்கொண்டு ஒருவர் வீடு வீடாக விசாரித்து வந்தார். வெங்கடசுப்ரமணியன். வேட்டி, நெற்றியில் விபூதி, சட்டைப்பையில் நாலாக மடித்த காகிதம். தாசம்மாள் பிளாஸ்டிக் நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். அவர் உட்காரவில்லை.

“வந்துடுத்தும்மா” என்றார். “வெள்ளிக்கிழமைப் படக்கட்டுல வந்தது. உயிரோட இருக்கு.”

ஷிஜி வாசற்படியை விட்டு இறங்கி வந்தாள்.

“ஆபீசுக்குள்ளே ஃபோனெல்லாம் விடமாட்டா, படம் எடுக்க முடியாது. உனக்குத் தெரியாததா? பாத்ததை மனசுல வாங்கிண்டு ஆத்துக்கு வந்து போட்டேன்.” காகிதத்தை விரித்தார். மான் படம் ஒன்றும் அதில் இல்லை. சர்வேக்காரர் போடும் வரைபடம் இருந்தது. வடக்கு காட்டும் அம்பு, ஓடை, புதரின் எல்லை, கேமரா கட்டிய மரம். புதருக்கு வெளியே, வெட்ட வெளியில், ஒரு பெரிய புள்ளி. அதற்குப் பின்னால் ஒட்டினாற்போல ஒரு சின்னப் புள்ளி. ஓரத்தில் காலை ஏழு பன்னிரண்டு என்று மணி.

“நாலு மாசம் ஆனப்புறம்தான் அம்மா பின்னாடி வெளியே வருமாம். பெண் குட்டி. துள்ளறது, நிக்கறது, அம்மா காலுக்கு நடுவுல பூந்துக்கறது. அந்தச் சிறுத்தை வந்தப்போ இது புல்லோட புல்லா அசையாம கெடந்திருக்கு. அம்மாக்காரி ஒண்ணரை நாள் கிட்டயே போகலை. போயிருந்தா தொலைஞ்சுது.” மூச்சு வாங்க நிறுத்தினார். “சுமந்த் உன்னோட நாற்பத்தொண்ணையும் எடுத்துத் திருத்திட்டான். கடைசியா நீ போட்ட படங்களையும். எல்லாத்துலயும் ‘உண்டு’. நான் போட்டதுதான் தப்பு.”

ஷிஜி காகிதத்தை இரண்டு கையாலும் வாங்கினாள். அந்தச் சின்னப் புள்ளியைப் பார்த்தபோது கண்ணிலிருந்து நீர் தானாக வழிந்தது. துடைக்கவில்லை.

“இன்னொண்ணு சொல்றேன், சிரிக்கப்டாது” என்றார் அவர். “நீ போன மறுநாள் பழவங்காடில எறங்கினேன். எறங்கிப் பிள்ளையாருக்குத் தேங்கா ஒடைச்சேன், அந்தக் குட்டிக்காக. போன வருஷம் நடந்து முடிஞ்ச சமாச்சாரம்னு தெரிஞ்சுண்டேதான் ஒடைச்சேன். கண்ணால பாக்காததை நான் நம்பினது அது ஒண்ணுதான்.” குடையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டார். “அன்னிக்கு அந்த ரூம்ல உனக்காக ஒரு வார்த்தை பேசியிருக்கணும். பேசலை. அதைச் சொல்லிட்டுப் போலாம்னுதான் வந்தேன்.”

“இருக்கட்டும் சாரே” என்றாள் ஷிஜி. மனதார மன்னித்துவிட்டாளா என்று அவளுக்கே தெரியாது. ஆனால் இரண்டு பஸ் மாறி வந்தவரை நிற்கவைத்துப் பேச அவளால் முடியவில்லை. உள்ளே போய், பாயில் விழித்துக் கிடந்த பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வாசல் வெயிலுக்கு வந்தாள். பிள்ளை கிழவரின் குடைக் கைப்பிடியைப் பிடித்து இழுத்தது. அவர் கடைசியில் நாற்காலியில் உட்கார்ந்தார்.

“கொழந்தை பேரென்ன?” என்றார்.

வேலைக்கென்று இந்த ஊருக்கு வந்த நாளிலிருந்து அந்த அலுவலகத்து ஆள் ஒருவரும் அவளிடம் கேட்டிராத கேள்வி. கேட்டிருந்தாலும் சொல்லியிருக்கமாட்டாள்.

“ஜெனிஷா” என்றாள் ஷிஜி. சந்து முனை வரைக்கும் கேட்கிறாற்போல உரக்கச் சொன்னாள்.